பாதி எர்த்

பெட்டியின் அடியில் ஒரு தகரத் தட்டு.
அதில் இரண்டு ஸ்பிரிங்,
ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் நீளம்.
இந்த முனையில் கொடுத்த ஒலி
நடுங்கி நடுங்கி அந்த முனைக்குப் போய்
திரும்பி வந்து, மறுபடி போய்,
களைத்த பிறகுதான் ஸ்பீக்கரை விட்டு வெளியே வரும்.

சேர்வராயன் அடிவாரத்தில் சம்பளம் வாங்குகிறவனுக்கு
இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.
நாலு மணிக்கு மேக்னசைட் குழியில் வெடி வைத்தால்
என் எடைமேடைக் கண்ணாடி முதலில் அதிரும்.
மலை அப்புறம் பேசும்,
ஒருமுறை,
கொஞ்சம் தணிந்து இன்னொருமுறை.

அமலோற்பவத்துக்குப் பிடிக்கவில்லை.
"வேகப் பாட்டுல உன் கிட்டார்
கெணத்துல விழுந்த கொடமாட்டம் உருளுது.
நான் எதைப் புடிச்சுக்கிட்டு மேல ஏறுறது?"
குறைக்கலாம்தான்.
குமிழ் பெட்டியின் பின்பக்கம்.
பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே
குனிந்து, திருகி, நிமிர்வதற்குள்
செங்கோடன் டிரம்ஸோடு அடுத்த ஊருக்குப் போயிருப்பான்.

கடையில் வாங்கிய கால்ஸ்விட்சுக்குத் தெரிந்தது இரண்டே:
உண்டு, இல்லை.
மிதித்தால் மொத்த எதிரொலியையும்
ஒயர் வழியே எர்த்தில் இறக்கிவிடும்.
கூடம் சட்டென்று சுருங்கி
பீரோவுக்குள் நின்று வாசிக்கிற மாதிரி ஆகிவிடும் எனக்கு.

பிலோமினாவிடம் கொண்டுபோனேன்.
சூரமங்கலத்தில் மிக்ஸி மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள்,
கிட்டாரைத் தொட்டதில்லை.
மூடியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தாள்.
"முழுசாப் பொதைக்கிறான் பாரு.
குறுக்க ஒரு ரெசிஸ்டர் போட்டா
பாதிதான் மண்ணுக்குப் போகும்.
மிச்சம் உனக்கு."
முதல் ரெசிஸ்டரில் வித்தியாசமே தெரியவில்லை.
இரண்டாவதில் மறுபடி பீரோ.
சட்னி ஜாருக்காகக் காத்திருந்தவர்
"இது எந்தக் கம்பெனி மிக்ஸிம்மா?" என்றார்.
மூன்றாவதில் நான் கேட்பதற்கு முன்பே
அவள் தலையாட்டிவிட்டாள்.
இரைச்சல் வராமலிருக்க
எல்லாவற்றையும் ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள் அடைத்து
அதற்கு மட்டும் காசு வாங்கவில்லை.

சனிக்கிழமை, இருபது கொண்டை ஊசி வளைவு.
வேனின் பின்சீட்டில் ஆம்ப், பெல்ட் போட்டு.
ஒவ்வொரு திருப்பத்திலும் உள்ளே
யாரோ இருட்டில் கொலுசைக் கழற்றி வைப்பதுபோல் ஒரு சத்தம்.
பதினோராவதில் செங்கோடன்
அதற்குத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தான்.

ஏற்காட்டில் அந்த ஓட்டலுக்குப் பலகைத் தரை.
ஆறாம் மேசைப் பையன் நாற்காலியிலிருந்து குதித்தான்.
ஸ்பிரிங் துடித்து, ஸ்பீக்கரில் இடி.
கண்டுபிடித்துவிட்டான். மறுபடி குதித்தான்.
நான் தகரத்தை மிதித்தேன்.
பாதி இடி.
அதுவும் போதும் என்று குதித்தான்.
மேனேஜர் ஜன்னல் பக்கம் போய் வானத்தைப் பார்த்தார்.

கடைசியாக அந்த மெதுவான பாட்டு.
யாரோ கதவைத் திறந்துவைத்திருந்தார்கள்,
பனி மேசைக் கால் உயரத்துக்கு உள்ளே வந்திருந்தது.
பையன் என் பக்கத்தில் வந்து நின்று
என் காலைப் பார்த்து, தகரத்தைப் பார்த்து,
செருப்பைக் கழற்றிவிட்டு
வெறுங்காலால் அழுத்தினான்.
முழுசும் திறந்துகொண்டது.
அமலோற்பவம் திரும்பிப் பார்த்தாள்.
திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.
அடுத்த சொல்லைப் பாடாமல் நின்றாள்,
என் ஒரு நோட்டு போய்த் திரும்பி வரும்வரை.
பிறகு அது இறங்கிய இடத்தில் ஏறிக்கொண்டாள்.
பையனின் காலை நான் விலக்கவில்லை.

திங்கள், நாலு மணி. சங்கு. வெடி.
மேசைக்கடியில் என் வலது பாதம் தானாக அழுத்துகிறது.
மலை எதையும் குறைக்காமல்
முழுசாகச் சொல்லி முடிக்கிறது.
ரசீதுக்கு நிற்கும் லாரி டிரைவர்
குனிந்து பார்த்துக் கேட்கிறார்,
"என்ன சார், எறும்பா?"